நீல அட்டை, நெருப்பு நிலா

ஹான்காக், மிச்சிகன்
14 ஜனவரி 1979

அன்புள்ள அத்தைக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். படித்ததும் கிழித்துப் போட்டாலும் சரி. பக்கத்து வீட்டில்கூட "என் அண்ணன் மகள் எழுதியிருக்கிறாள்" என்று சொல்லிவிடாதீர்கள். அது எப்படியோ பனியைத் தாண்டி இங்கே வந்து சேர்ந்துவிடும்.

நான் ஹெல்வி, ஆர்வோ கங்காஸின் மூத்த மகள். நீங்கள் வீட்டை விட்டுப் போனபோது எனக்கு ஐந்து வயது. இப்போது பதினான்கு. இங்கே எல்லோரும் நலம். நீங்கள் நலமா? எங்கள் சபையில் கடிதம் எழுதினால் "கடவுளின் சமாதானம்" என்றுதான் தொடங்க வேண்டும். ஆனால் சபையை விட்டுப் போனவர்களுக்கு அதைச் சொல்லக் கூடாதாம். அதனால் வெறும் வணக்கம்.

உங்கள் முகவரியை அம்மாவின் தையல் பெட்டியில் கண்டெடுத்தேன். கிறிஸ்துமஸ் வாழ்த்து ஒன்று அடியில் இருந்தது. ஆர். டி. ஃபென்விக் என்ற ஆண் பெயரில் நீங்கள் விஞ்ஞானக் கதைகள் எழுதுவதும் அதில்தான் தெரிந்தது.

அப்பா இப்போது பத்திரிகைக் கிடங்கில் வேலை செய்கிறார். கடைகளில் விற்காத புத்தகங்கள் அங்கே திரும்பி வரும். முழுப் புத்தகத்தையும் பதிப்பகத்துக்கு அனுப்புவதில்லை. விற்கவில்லை என்பதற்குச் சாட்சியாக அட்டையை மட்டும் கிழித்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டி அனுப்புவார்கள். மிச்சம் காகித ஆலைக்குப் போகும். சனிக்கிழமைகளில் அப்பா கிழிப்பார், நான் கட்டுவேன். போன மாதம் ஆலைக்குப் போகும் தொட்டியில் கிடந்த புத்தகங்களில் ஒன்று உங்களுடையது. அதைக் கோட்டுக்குள் மறைத்து எடுத்து வந்துவிட்டேன். திருட்டுதான். தங்கை பிர்கோ தூங்கியதும் போர்வைக்குள் டார்ச் அடித்து மூன்று முறை படித்தேன்.

என் கேள்வி இதுதான்: அதன் அட்டையில் என்ன படம் இருந்தது?

இந்த வீட்டில் உங்கள் பெயரை யாரும் சொல்வதில்லை. அம்மா ஒருமுறை வாய்தவறிச் சொன்னபோது அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். நான் எழுதுவது தெரிந்தால் என் பெயரும் அப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதே மேசையில்தான் உட்கார்ந்திருப்பேன், ஆனால் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

பதிலை என் தோழி டெனீஸ் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள். உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

பயத்தோடும் அன்போடும்,
ஹெல்வி


டூசான், அரிசோனா
28 ஜனவரி 1979

என் ஹெல்விக்கு,

நான் நலம். கிழிக்கவில்லை, ஆனால் ஒளித்து வைத்துவிட்டேன். என் வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் மேல்தான் யாரும் தேட மாட்டார்கள். செய்தித்தாளிலிருந்து வெட்டிய விஞ்ஞானச் செய்திகள் அங்கே மலைபோல் கிடக்கின்றன. கடலுக்கு அடியில், வெயிலே படாத இடத்தில், கொதிக்கும் ஊற்றுகளைச் சுற்றி வாழும் புழுக்கள் பற்றிய செய்திக்குக் கீழே நீ இருக்கிறாய். நல்ல சகவாசம்.

அட்டையைக் கேட்டாய். பச்சை நிறத்தில் எட்டுக் கை மிருகம் ஒன்று, குளியல் உடை அணிந்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறது. என் கதையில் மிருகம் இல்லை. குளியல் உடையும் இல்லை. இருக்கிற ஒரே பெண்ணுக்கு அறுபது வயது, கம்பளிக் கோட்டு. அட்டை இல்லாமல் படித்த நீதான் அந்தக் கதையைச் சரியாகப் படித்திருக்கிறாய்.

எங்கள் தொழிலில் பல சமயம் படம்தான் முதலில் பிறக்கும். ஓவியர் எதையோ கனவு கண்டு வரைந்துவிடுவார். எடிட்டர் அதை வாங்கி அலமாரியில் வைத்திருப்பார். பிறகு ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஃபென்விக், கையில ஒரு படம் இருக்கு. இதுக்கு ஒரு கதை வேணும்" என்பார். இப்போது வரப்போகிற நாவலும் அப்படித்தான். நீலப் பனிப்பாலைவனம், வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு வியாழன், ஒரு பெண் விளக்கோடு நடந்து போகிறாள். அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே பதினொரு மாதம் எழுதினேன். வியாழனின் அயோ என்ற நிலாவை அவளுக்குக் கொடுத்தேன். தொலைநோக்கியில் அது கொஞ்சம் ஆரஞ்சாகத்தான் தெரிகிறது, எனக்குத் தெரியும். ஆனால் ஓவியம் நீலமாக இருந்தது.

உன் அப்பாவுக்கு முதுகு எப்படி இருக்கிறது? இன்னும் ரொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் அறுக்கிறாரா?

உன் அத்தை,
தைமி


ஹான்காக்
18 பிப்ரவரி 1979

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். அப்பாவுக்கு முதுகு குளிரில் மட்டும் வலிக்கிறது. ரொட்டியை அப்படித்தான் அறுக்கிறார்.

போன வாரம் பிரசங்கியார் ஐசாக் காபி குடிக்க வந்தார். நான் தட்டு கழுவுவதுபோல் நின்று கேட்டேன்.

"ஆர்வோ, அந்தக் குப்பையெல்லாம் உன் கை வழியாத்தான் போகுதாமே?"

"போகுது. ஆனா போறப்ப அட்டை இல்லாமத்தான் போகுது. நான் கிழிக்கிறவன் ஐயா, படிக்கிறவன் இல்ல."

"கிழிக்கணும்னா படத்தைப் பாக்கணுமே?"

"பாக்காம கிழிச்சா விரலை வெட்டிடும்."

அம்மா காபிக் குடுவைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

உங்கள் நீலப் பெண்ணைப் பற்றி டெனீஸிடம் சொன்னேன். அவள் சபையைச் சேர்ந்தவள் அல்ல, அதனால் எதையும் கேட்கலாம். "உங்க வீட்டுல டிவி பாவம், சினிமா பாவம், லிப்ஸ்டிக் பாவம். நிலாவாவது பாக்கலாமா, அதுவும் பாவமா?" என்றாள். நிலாவைப் பார்க்கலாம் என்றுதான் நினைக்கிறேன்.

அத்தை, ஒன்று கேட்கலாமா? தாத்தா இறந்தபோது நீங்கள் ஏன் வரவில்லை? நீங்கள் போனதற்காக அல்ல, வராததற்காகத்தான் அப்பா உங்கள் பெயரைச் சொல்வதில்லை என்று அம்மா சொன்னாள். அதற்குமேல் சொல்லவில்லை.

உங்கள்,
ஹெல்வி


டூசான்
5 மார்ச் 1979

என் ஹெல்விக்கு,

நலமே. இங்கே பாதாம் மரங்கள் பூத்துவிட்டன. உங்கள் ஊரில் இன்னும் மூன்று மாதத்துக்குப் பனி இருக்கும் என்று நினைக்கும்போதே என் கால்விரல்கள் குளிர்கின்றன.

பூமியிலிருந்து அனுப்பிய ஆளில்லாத விண்கலம் ஒன்று இன்றுதான் வியாழனைக் கடந்து போகிறது. ஒன்றரை வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறது, பாவம், ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல். என் நிலாவுக்கு மிக அருகில் போகுமாம். காலையிலிருந்து ஒரு வரியும் எழுத ஓடவில்லை. யாரோ என் வீட்டு ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கப் போவதுபோல் இருக்கிறது.

இன்னொரு செய்தி வெட்டி வைத்திருக்கிறேன். புளூட்டோ தன் பாதையில் நகர்ந்து நகர்ந்து நெப்டியூனுக்கு உள்ளே வந்துவிட்டதாம். இனி இருபது வருடத்துக்கு அது கடைசிக் கிரகம் இல்லை. யாரும் கூப்பிடவில்லை, தானாகவே வந்திருக்கிறது. நேற்றுப் படுத்துக்கொண்டு அதை நினைத்தேன். அவ்வளவு தொலைவிலிருந்து உள்ளே வரும்போது சூரியன் கொஞ்சம் பெரிதாகத் தெரியுமா? அதற்கு அது புரியுமா?

நன்றாகப் படி. டெனீஸுக்கு என் வணக்கம். நிலாவைப் பார்க்கலாம் என்று நான் அனுமதி தருகிறேன்.

அத்தை


ஹான்காக்
14 மார்ச் 1979

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

கிடங்கில் செய்தித்தாள் கட்டைப் பிரித்தபோது பார்த்தேன். அயோவில் எரிமலை இருக்கிறதாம். அணைந்ததல்ல, இப்போது எரிந்துகொண்டிருப்பது. விண்கலம் எடுத்த படத்தில் நிலாவின் விளிம்பில் குடைபோல ஒன்று நிற்கிறது. அது புகையாம். பூமிக்கு வெளியே எரிமலை வெடிப்பதை யாரும் பார்ப்பது இதுவே முதல்முறையாம். நிலாவின் நிறம் நீலமே இல்லை, அத்தை. பூசணிக்காயைப் போலவும் முட்டைப் பொரியலைப் போலவும் இருக்கிறது.

செய்தியை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் விளக்குப் பெண் என்ன ஆவாள்? புத்தகத்தை மாற்ற நேரம் இருக்கிறதா? டெனீஸ் கேட்கிறாள்: "நடந்து போற பொண்ணு பூட்ஸ் போட்டிருக்காளா? இல்லன்னா வெந்துடுவா."

நான் சிரித்தேன். ஆனால் படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. பதினொரு மாதம் நீங்கள் கண்ட கனவை ஒரு புகைப்படம் கலைத்துவிட்டதே என்று வருத்தமாக இருந்தது.

நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. பரவாயில்லை.

ஹெல்வி


டூசான்
9 ஏப்ரல் 1979

என் ஹெல்விக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ அனுப்பிய படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எடிட்டரைக் கூப்பிட்டேன். அவர் சிரித்தார். "ஃபென்விக், அட்டை அச்சாகி விற்பனை ஏஜென்ட்டுங்க கைக்குப் போயாச்சு. இனி அதை மாத்த முடியாது. உன்னால முடிஞ்சா நிலாவை மாத்து" என்றார். வேறு நிலாவின் பெயரைப் போடலாம் என்றால், அட்டையிலேயே பெரிய எழுத்தில் அயோ என்று இருக்கிறது. ஆகவே என் புத்தகம் பொய்யாகவே பிறக்கப் போகிறது. எங்கள் தொழிலில் அட்டைதான் கல்வெட்டு. கதையும் நிலாவும் அதற்குப் பிறகுதான்.

ஆனால் ஒன்று சொல்லட்டுமா? எனக்கு வருத்தமே இல்லை. இரவில் கண்ணை மூடினால் இரண்டு நிலாக்கள் தெரிகின்றன. ஒன்று நீலமாக, ஓசையில்லாமல். இன்னொன்று கந்தகத்தை வானத்துக்கு வீசி, அது மஞ்சள் பனியாகத் திரும்ப விழுவதை மல்லாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. முதலாவதை நான் செய்தேன். இரண்டாவதை எனக்குக் கொடுத்தவள் நீ.

அதனால் ஒரு யோசனை. மே மாதம் பிழை திருத்த புரூஃப் வரும். சமர்ப்பணப் பக்கம் காலியாக இருந்தது. "உண்மையான நிலாவைக் காட்டிய ஹெல்வி கங்காஸுக்கு" என்று எழுதி எடிட்டருக்கு அனுப்பியிருக்கிறேன், சரிதானே? புத்தகம் அக்டோபரில் வரும்.

அத்தை


ஹான்காக்
13 ஏப்ரல் 1979

அத்தை,

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

நலம் விசாரிக்கக்கூட மறந்துவிட்டேன், மன்னியுங்கள். அந்தப் புத்தகம் அக்டோபரில் எங்கள் கிடங்குக்குத்தான் வரும். பெட்டியைத் திறந்து எண்ணுவது அப்பா. விற்காமல் திரும்பி வந்தால் கிழிப்பதும் அப்பா. அட்டையைக் கிழித்தால் அடுத்து தெரிவது முதல் பக்கம்தான். அங்கே என் பெயர் இருக்கும். கங்காஸ் என்று வேறு.

சுத்தமாக எடுத்துவிடுங்கள். எனக்குப் படிக்கப் புத்தகம் போதும், அதில் நான் இருக்க வேண்டாம். எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அதுவரை நான் சாப்பிடுவது சாப்பாடாக இருக்காது.

ஹெல்வி


டூசான்
3 ஜூன் 1979

என் ஹெல்விக்கு,

எடுத்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். புரூஃப் போன வாரம்தான் வந்தது, அதனால்தான் இவ்வளவு நாள். உன் பெயர் அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை. இனி ஒழுங்காகச் சாப்பிடு.

பயந்த குழந்தையின் பெயரை அச்சில் போட நினைத்தது என் தப்பு. ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊரின் கனம் மறந்துபோகிறது.

பிப்ரவரியில் நீ ஒன்று கேட்டாய். நான் புளூட்டோவைப் பற்றி எழுதினேன். இப்போது சொல்கிறேன்.

உன் அப்பா தந்தி அடித்தார். எனக்கு அது வந்து சேர்ந்தது. சேரவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. அப்போது ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். அட்டை ஏற்கனவே அச்சாகிவிட்டது. கதையில் கடைசி மூன்று அத்தியாயம் பாக்கி. திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் அட்டையை வேறொருவருக்குக் கொடுத்து எழுதச் சொல்லிவிடுவோம் என்றார்கள். அது எனக்கு முதல் பெரிய புத்தகம். முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். முடித்து, தபாலில் போட்டுவிட்டு, பஸ் நிலையத்துக்குப் போய் டிக்கெட் கேட்டபோது அடக்கம் நடந்து ஆறு நாள் ஆகியிருந்தது. டிக்கெட் வாங்காமல் திரும்பி வந்தேன்.

அந்தப் புத்தகம் பத்து வாரம்கூட கடையில் இருக்கவில்லை. அதன் அட்டையையும் யாரோ கிழித்திருப்பார்கள்.

இது உன் அப்பாவுக்குத் தெரியாது. நீ சொல்ல வேண்டாம். அது நீ சுமக்க வேண்டியதல்ல.

தைமி


ஹான்காக்
15 ஜூலை 1979

அன்புள்ள அத்தைக்கு,

எல்லோரும் நலம். பிர்கோவுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது. உங்களுக்கு வெயில் எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தைப் படித்துப் பல நாள் பதில் எழுத முடியவில்லை. கோபமா என்று எனக்கே தெரியவில்லை. சாப்பாட்டு மேசையில் அப்பாவின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று தோன்றியது.

அம்மாவிடம் தாத்தாவின் அடக்கத்தைப் பற்றிக் கேட்டேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடி இப்ப அது?"

"சும்மாதான்மா."

"உங்கப்பா ஒருநாள் தள்ளிப்போட்டார். பிரசங்கியார் திட்டினார், பெட்டி செய்றவர் திட்டினார். 'பஸ்ஸு பனியில மாட்டியிருக்கும், வந்துடுவா'ன்னு நின்னார். ராத்திரி கடைசி பஸ்ஸு வரைக்கும் நின்னார்." அப்புறம் அம்மா ஒரு பிடி பட்டாணியைத் தோலோடு சேர்த்தே பாத்திரத்தில் போட்டாள்.

இதை உங்களுக்கு எழுத வேண்டுமா, வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன். உங்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் தப்பு என்று தோன்றியது.

இரண்டாவது விண்கலமும் வியாழனைக் கடந்துவிட்டது. மார்ச்சில் எரிந்த எரிமலைகளில் பல இன்னும் எரிகின்றனவாம்.

ஹெல்வி


டூசான்
20 ஆகஸ்ட் 1979

என் ஹெல்விக்கு,

நலம். உன் கடிதம் வந்தது. அதைப் பற்றி எழுத உட்கார்ந்து ஐந்து முறை காகிதத்தைக் கசக்கிவிட்டேன்.

கடைசி புரூஃபில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இனி அதை எடுக்க முடியாது, அச்சாகிக்கொண்டிருக்கிறது. உன் பெயர் அல்ல, பயப்படாதே. என்ன வரி என்று சொல்லவில்லை. தெரிந்தால் நீயும் உடந்தை ஆகிவிடுவாய். அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை புத்தகம் உங்கள் பக்கம் வரும் என்கிறார்கள். பயமாக இருந்தால் அன்று வயிற்றுவலி என்று சொல்லிவிடு.

உன்னை யாரும் கண்டுபிடிக்க முடியாது. பத்திரமாக இரு.

அத்தை


ஹான்காக்
13 அக்டோபர் 1979, சனி

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் நலமா? நான் நலமா என்று இன்னும் கொஞ்ச நேரத்தில்தான் தெரியும். பிர்கோ தூங்கிவிட்டாள். கீழே விளக்கு எரிகிறது. வேகமாக எழுதுகிறேன்.

வயிற்றுவலி என்று சொல்லவில்லை. போனேன். பெட்டி பத்து மணிக்கு வந்தது. அப்பா கத்தியால் கீறித் திறந்தார். மேலேயே உங்கள் நீலம். அவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கிடங்கின் மஞ்சள் பல்புக்குக் கீழே அந்தப் பெட்டி மட்டும் உறைந்த ஏரியில் வெட்டிய துளை போல இருந்தது.

எண்ணத்தான் பெட்டியைத் திறப்பார், படிக்க அல்ல. ஆனால் ஃபென்விக் என்ற பெயரைப் பார்த்ததும் கையைக் காற்சட்டையில் துடைத்தார். அந்தப் பெயர் யாருடையது என்று அவருக்குத் தெரியும், அத்தை. எப்போதிலிருந்தோ. ஒரு புத்தகத்தை எடுத்து முதல் தாளைத் திருப்பினார். நூல்கண்டு தேடுவதுபோல நான் பின்னால் போய் நின்றேன்.

"ஆர்வோவுக்கு. ஆறு நாள் தாமதமாக."

எனக்கு முதலில் மூச்சு வந்தது, என் பெயர் இல்லை என்று. அப்பா அசையவில்லை. ஆறு என்ற சொல்லின்மேல் கட்டைவிரலை வைத்திருந்தார். பிறகு புத்தகத்தை வைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தார். நாற்பத்தெட்டு வர வேண்டும். நாற்பத்தாறு வந்தது. திரும்ப எண்ணினார், ஐம்பது வந்தது. விட்டுவிட்டார்.

சாயங்காலம் வரை மற்ற பெட்டிகளைத் திறந்தார். வேனில் வீட்டுக்கு வரும்போது, பாலத்தின் நடுவில், வண்டியோட்டிக்கொண்டே சொன்னார்:

"அட்டையில பனியா போட்டிருக்கான்."

"ஆமாப்பா."

"அந்த நிலா நெருப்பு கக்குதுன்னு மார்ச் மாசமே பேப்பர்ல வந்துச்சு. படத்தோட போட்டான்."

அப்பா கியரை மாற்றினார்.

"ஊரெல்லாம் சிரிக்கும். தைமிக்கு யாராச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?"

தைமி என்றார், அத்தை. என் காதால் கேட்டேன். அவர் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. சின்னப் பெண்ணைச் சொல்வதுபோல் சொன்னார், பள்ளிக்கூடத்துக்குக் குல்லா இல்லாமல் போய்விட்டவளைச் சொல்வதுபோல்.

பேசாமல் இருந்திருக்கலாம். என் பெயர் எங்கும் இல்லை. நீங்கள் அவ்வளவு கவனமாக என்னை மறைத்துவிட்டீர்கள். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் உங்களுக்குச் சொல்ல ஆளே இல்லாமல்போனது என்று அப்பா நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"சொன்னேன்ப்பா. நான்தான் எழுதினேன். அதுக்குள்ள அட்டை அச்சாகிடுச்சாம்."

வேன் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டார். பழைய சுரங்கத்து மேடு வரைக்கும் போய், அங்கே இன்ஜினை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை.

இரவுச் சாப்பாட்டில் "உப்பை இந்தப் பக்கம் தள்ளு" என்றார். பெயர் சொல்லவில்லை. "எல்மா, காபி" என்றார் அம்மாவிடம். "பிர்கோ, காலை ஆட்டாத" என்றார். என்னை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பயந்தது நடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மாடிக்கு வந்தேன். ஆனால் அத்தை, நான் வருத்தப்படவில்லை. நீங்களும் படாதீர்கள். படுக்கையில் உட்கார்ந்து உங்கள் இரண்டு நிலாக்களையும் நினைத்தேன். அவை இரண்டும் ஒரே வானத்தில், ஒன்றுக்கொன்று

படிக்கட்டில் யாரோ வருகிறார்கள். மெதுவாக வருகிறார்கள், நடுவில் நின்று நின்று.

கதவைத் தட்டுகிறார்கள். இந்த வீட்டில் யாரும் தட்டுவதில்லை, திறந்துகொண்டுதான் வருவார்கள். அப்பாதான். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அத்தை, என் பெ